போர்ட் எண்ணை நீங்கள் தேடாதீர்கள்: ஜாவா நிரலுக்குள் ஓடும் சர்வரும் அதன் சோதனைகளும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் கிராணியாக, அதாவது அலுவலக எழுத்தராக, இருக்கும் தம்பி கேட்டிருக்கிறார். செம்பனைக் குலை வெட்டுபவர்களின் கணக்கை மண்டோர்கள் (வேலை மேற்பார்வையாளர்கள்) கைப்பேசியில் பதிந்துகொண்டு, மத்தியானம் அலுவலகத்துக்கு வந்ததும் வைஃபை வழியாக அனுப்புகிறார்கள். அதை வாங்கிச் சேர்த்துவைக்க அவரே ஜாவாவில் ஒரு நிரல் எழுதியிருக்கிறார். வெப் சர்வர் தனியாக நிறுவப்படவில்லை. ஜாவாவோடு கூடவே வரும் ஹெச்டிடிபி சர்வர் நிரலுக்குள்ளேயே ஓடுகிறது. அவருடைய தொல்லைகள் இவை: சோதனைகள் ஒருமுறை தேறுகின்றன, மறுமுறை "முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது" என்று விழுகின்றன. வெட்டுபவரின் பெயரைத் திருப்பி அனுப்பும்போது வீட்டு லினக்ஸ் கணினியில் பிழை வருகிறது. அலுவலக விண்டோஸ் கணினியில் பிழை இல்லை, ஆனால் பெயருக்குப் பதில் கேள்விக்குறிகள். மண்டோர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் அனுப்பினால் சர்வர் சில சமயம் அசைவதே இல்லை. "பேசாமல் ஸ்பிரிங் பூட்டுக்கு மாறிவிடவா, அண்ணே?" என்று முடித்திருக்கிறார். ஸ்பிரிங் பூட் என்பது ஜாவாவில் வெப் நிரல்கள் எழுதப் பயன்படும் பெரிய சட்டகம்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: மாற வேண்டாம் தம்பி. இப்போது மாறினால் இந்தத் தொல்லைகளில் இரண்டு கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளும், ஒன்று அப்படியே தொடரும். சர்வர் சின்னது என்பதால் இவை வரவில்லை. அதை எங்கே தொடங்குகிறீர்கள், யார் நிறுத்துகிறார்கள், எத்தனை பைட் அனுப்புவதாக அது வாக்குக் கொடுக்கிறது என்ற இடங்களில்தான் கோளாறு.

ஒரு காலத்தில் டாம்கேட் என்ற ஜாவா வெப் சர்வரைத் தனியே நிறுவி, நம் நிரலை ஒரு பொட்டலமாகக் கட்டி அதற்குள் போடுவோம். சர்வர் வீட்டுக்காரர், நிரல் குடியிருப்பவர். 1995-இல் தொடங்கிய ஜெட்டி என்ற இன்னொரு சர்வர், சர்வரையே நிரலுக்குள் குடிவைக்கலாம் என்று காட்டிய பழைய ஆள். 2006 இறுதியில் வந்த ஜாவா 6 தன்னுடனேயே ஒரு சிறிய ஹெச்டிடிபி சர்வரைக் கொண்டுவந்தது. 2014-இல் ஸ்பிரிங் பூட் 1.0 வந்து, டாம்கேட்டை உள்ளே வைத்த ஒற்றை ஜார் கோப்பை (நிரல் முழுவதையும் கட்டிய பொட்டலத்தை) வழக்கமாக்கிவிட்டது. நீங்கள் பயன்படுத்தும் சர்வரின் தொகுப்புப் பெயர் "சன்" என்ற பழைய நிறுவனத்தின் பெயரைச் சுமப்பதால் பலர் அதைத் தொடவே தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். ஜாவா 9-இல் தொகுதிகள் வந்தபோது அதற்குத் தனித் தொகுதியே ஒதுக்கினார்கள். ஜாவா 18-இல் வந்த எளிய வெப் சர்வர் கட்டளையும் அதே தொகுதியில்தான் இருக்கிறது. ஒரு தோட்ட அலுவலகத்தின் குலைக் கணக்குக்கு அது தாராளம்.

இப்போது போர்ட் விஷயம், அதாவது கணினியில் எந்தச் சர்வரிடம் போவது என்று சொல்லும் வாசல் எண். நீங்கள் அனுப்பிய வடிவத்தில், சர்வரை உருவாக்கும் வரி மெயின் செயல்கூறுக்குள் புதைந்து கிடக்கிறது, போர்ட் 8080 என்று எழுத்தில் பதிந்திருக்கிறது. சோதனை எழுதும்போது அந்த மெயினையே அழைக்கிறீர்கள். அதை நிறுத்த உங்களிடம் பிடி எதுவும் இல்லை. முதல் சோதனை வகுப்பு முடிந்த பிறகும் சர்வர் ஓடிக்கொண்டேயிருக்கும். இரண்டாவது வகுப்பு அதே போர்ட்டைக் கேட்டு அடிபடும். எடிட்டரில் நேற்று ஓடவிட்டு மறந்த பிரதி பின்னணியில் இருந்தாலும் இதே கதி. சோதனை தனியாக ஓடும்போது தேறுவதும் சேர்ந்து ஓடும்போது விழுவதும் இதனால்தான்.

சர்வருக்கு ஒரு தனிக் கிளாஸ் எழுதுங்கள். கட்டமைப்பியில் (கன்ஸ்ட்ரக்டர்) இரண்டே தகவல்: எந்தப் போர்ட், தரவு எந்தக் கோப்புறையில். தொடங்கு, நிறுத்து, உன் போர்ட் எது என்று மூன்று செயல்கூறுகள். நிறுத்துவதைத் தானே மூடிக்கொள்ளும் வகையாக அமைத்தால் சோதனையில் ஒரு டிரை பிளாக்குக்குள் திறந்து, வெளியேறும்போது தானாக மூடிக்கொள்ளலாம். மெயின் என்பது அமைப்புக் கோப்பைப் படித்து இந்தக் கிளாஸை எழுப்பும் நான்கு வரியாகச் சுருங்க வேண்டும். சோதனைகள் மெயின் பக்கமே போகக் கூடாது.

சோதனையில் போர்ட் எண்ணாகப் பூஜ்யம் கொடுங்கள். பூஜ்யம் என்றால் "உன்னிடம் காலியாக இருப்பதைக் கொடு" என்று இயங்குதளத்திடம் கேட்பது. லினக்ஸ் வழக்கமாக 32768 முதல் 60999 வரையிலும், விண்டோஸ் 49152 முதல் 65535 வரையிலும் உள்ளவற்றில் ஒன்றைத் தரும். சர்வரை உருவாக்கிய பிறகு அதனிடமே அதன் முகவரியைக் கேட்டு, கிடைத்த எண்ணைச் சோதனையின் கோரிக்கைகளில் பயன்படுத்துங்கள். இதற்குப் பதிலாக, ஒரு சாக்கெட்டை (வலை இணைப்பின் முனையை) திறந்து காலி எண்ணைக் கண்டுபிடித்து, சாக்கெட்டை மூடிவிட்டு, அந்த எண்ணைச் சர்வரிடம் கொடுக்கும் உதவிச் செயல்கூறு ஒன்று பல இடங்களில் உலவுகிறது. அது பஸ்ஸில் காலி இருக்கையைப் பார்த்துவைத்துவிட்டு டிக்கெட் வாங்க இறங்கிப் போவது போன்றது; திரும்பி வரும்போது வேறொருவர் உட்கார்ந்திருப்பார். நூற்றில் தொண்ணூற்றொன்பது தடவை வேலை செய்யும். அந்த நூறாவது தடவைக்குக் காரணம் தேடியே ஒரு வாரம் போய்விடும்.

அலுவலகத்தில் ஓடும் பிரதிக்கு மட்டும் நிலையான எண் வேண்டும், கைப்பேசிகள் தேடி வர வேண்டுமே. அது அமைப்புக் கோப்பில் இருக்கட்டும். கூடவே சர்வரை எந்த வலை முகவரியில் கட்டுகிறீர்கள் (பைண்ட்) என்பதையும் பாருங்கள். 127.0.0.1 என்று, அதாவது இதே கணினிக்கு மட்டும் என்று, கட்டினால் சோதனைகள் எல்லாம் தேறும், எந்தக் கைப்பேசியாலும் உள்ளே வர முடியாது. எல்லா முகவரிகளிலும் கட்டினால் கைப்பேசி வரும், அலுவலக வைஃபையின் கடவுச்சொல் தெரிந்த எவரும் வரலாம். ஆகவே ஒவ்வொரு மண்டோருக்கும் ஒரு ரகசியச் சொல் கொடுத்து, அது இல்லாத கோரிக்கைக்கு 401 (அடையாளம் சரியில்லை) என்று பதில் போவதை உறுதிசெய்யும் சோதனை ஒன்று கட்டாயம். விண்டோஸ் ஃபயர்வால் தடுப்பதை ஜேயூனிட் (ஜாவா சோதனைக் கருவி) சோதனை எதுவும் சொல்லாது. அதை ஒரு கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும்.

அடுத்து அந்தக் கேள்விக்குறிகள். உங்கள் கடிதத்திலேயே எனக்குப் பிடித்த பகுதி இதுதான். இரண்டு வேறு தவறுகள் ஒன்றையொன்று மூடி மறைத்து விளையாடியிருக்கின்றன.

"முனியாண்டி" என்று ஒரு பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜாவாவின் கண்ணுக்கு இதன் நீளம் 10: மெய்யெழுத்துக் குறிகளும் துணைக்குறிகளும் தனித்தனியாக எண்ணப்படும். எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் பிடிக்கும். ஆக இந்தப் பெயர் 30 பைட். இந்தச் சர்வரில் பதிலின் தலைப்பை அனுப்பும்போது "இத்தனை பைட் வரப்போகிறது" என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். நீங்கள் சரத்தின் (எழுத்துத் தொடரின்) நீளத்தை, அதாவது 10 என்பதைக் கொடுத்திருக்கிறீர்கள். பிறகு 30 பைட்டை எழுதப் போனால் "சொன்னதைவிட அதிகம் எழுதுகிறாய்" என்று சர்வர் விதிவிலக்கை எறிகிறது. வீட்டில் நடந்தது இது.

அலுவலகத்தில் ஏன் பிழை வரவில்லை? அங்கே பழைய ஜாவா இருக்கிறது என்று நினைக்கிறேன். ஜாவா 18-க்கு முன்பு, எந்தக் குறியாக்கம் என்று சொல்லாமல் சரத்தைப் பைட்டாக மாற்றினால், கணினியின் இயல்புக் குறியாக்கத்தை எடுத்துக்கொள்ளும். ஆங்கில விண்டோஸில் அது பெரும்பாலும் விண்டோஸ்-1252 என்ற எழுத்து அட்டவணை. அந்த அட்டவணையில் தமிழே கிடையாது. தெரியாத ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறியை வைக்கும். பத்துக் குறிக்குப் பத்துக் கேள்விக்குறி, பத்துப் பைட். நீங்கள் சொன்ன நீளமும் பத்து. கணக்கு அழகாகச் சரியாகிவிட்டது, சர்வருக்கு முறையிட ஒன்றுமில்லை, முனியாண்டி மட்டும் காணாமல் போய்விட்டார்.

சத்தம் போடும் பிழையைவிட இது ஆபத்தானது. அதே குறியாக்கத்தில் கோப்பிலும் எழுதியிருந்தால் கேள்விக்குறிகள் வட்டில் போய் உட்கார்ந்துவிடும். அவற்றிலிருந்து பெயரை மீட்க வழியே இல்லை. குலைக்குத் தக்க கூலி வாங்கும் ஆட்களின் கணக்கில் பெயர் இல்லாத வரிகள் என்றால் மாதக் கடைசியில் யார் பதில் சொல்வது? ஆகவே சரத்தைப் பைட்டாக்கும் இடம், பைட்டைச் சரமாக்கும் இடம், கோப்பைத் திறக்கும் இடம் எல்லாவற்றிலும் யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாக எழுதுங்கள். முதலில் பைட் வரிசையாக மாற்றிக்கொண்டு, அந்த வரிசையின் நீளத்தைத் தலைப்பில் கொடுங்கள். பதிலின் உள்ளடக்க வகையிலும் குறியாக்கத்தைக் குறிப்பிடுங்கள். ஜாவா 18 முதல் இயல்பே யூடிஎஃப்-8 ஆகிவிட்டது என்பது உண்மைதான். அதை நம்பி எழுதிய நிரல் பழைய கணினி ஒன்றுக்குப் போனால் சத்தமில்லாமல் கெட்டுப்போகும் என்பதும் உண்மை.

இதற்கான சோதனையில் ஆங்கிலப் பெயரை வைக்காதீர்கள். "அலி" என்பதை ரோமன் எழுத்தில் வைத்தால் நீளமும் பைட்டும் ஒன்றே, எந்தத் தவறும் மாட்டாது. தமிழ்ப் பெயர் ஒன்று, வங்காளப் பெயர் ஒன்று. இப்போது தோட்டங்களில் வெட்டுபவர்களில் வங்காளதேசத்தவர்களும் இருக்கிறார்கள் அல்லவா. அனுப்பி, திரும்ப வாங்கி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஜாவா 11 அல்லது 17-இல் சோதனையை ஓட்டும்போது இயல்புக் குறியாக்கத்தை 1252 என்று கட்டளை வரியில் மாற்றி ஒருமுறை ஓட்டினால், அலுவலகக் கணினியின் குணம் உங்கள் வீட்டு லினக்ஸிலேயே தெரிந்துவிடும்.

அதே தலைப்புச் செயல்கூறில் இன்னொரு பொறியும் இருக்கிறது. நீளம் பூஜ்யம் என்று கொடுத்தால் "உள்ளடக்கம் இல்லை" என்று அர்த்தமில்லை. "எவ்வளவு என்று தெரியாது, துண்டு துண்டாக வரும்" என்று அர்த்தம். உள்ளடக்கம் இல்லை என்பதற்கு −1 கொடுக்க வேண்டும். இதை வடிவமைத்தவருக்கு ஒரு நாள் இதைப் பற்றிக் கடிதம் எழுத வேண்டும் என்று எனக்கு ஆசை.

மத்தியானம் சர்வர் உறைந்துபோவதற்கு வருவோம். இந்தச் சர்வருக்கு நீங்கள் தனியாக ஒரு செயலாக்கியை (எக்ஸிகியூட்டர்: வேலைகளை இழைகளுக்குப் பங்கிடுவது) கொடுக்காவிட்டால், புதிய இணைப்புகளைக் கவனிக்கும் அதே இழைதான் (த்ரெட்) கோரிக்கைகளையும் வாசித்துப் பதிலும் எழுதும். ஒரே ஆள். ஒரு மண்டோர் அலுவலகத்துக்குள் வராமல் லாரி நிற்கும் இடத்திலிருந்தே "அனுப்பு" என்று தட்டுகிறார். பாதி போனதும் வைஃபை அறுந்துவிடுகிறது. மீதிப் பாதிக்காகச் சர்வர் காத்துக்கொண்டே நிற்கும். உள்ளே நல்ல சிக்னலோடு நிற்பவர்கள் எல்லாரும் அவருக்குப் பின்னால் வரிசையில்.

இதைக் கற்பனையில் விடாமல் சோதனையாகவே எழுதலாம். சாதாரண சாக்கெட் ஒன்றைத் திறங்கள். உள்ளடக்க நீளம் 500 என்று தலைப்பில் எழுதி, பத்துப் பைட்டை மட்டும் அனுப்பிவிட்டுச் சும்மா இருங்கள். சாக்கெட்டை மூட வேண்டாம். இப்போது ஜாவா 11 முதல் ஜாவாவோடு வரும் ஹெச்டிடிபி கிளையண்டால், நலம் விசாரிக்கும் எளிய முகவரி ஒன்றைக் கேளுங்கள். இரண்டு விநாடிக்குள் 200 (வெற்றி) என்ற பதில் வர வேண்டும் என்று வையுங்கள். உங்கள் தற்போதைய நிரல் இதில் நிச்சயம் விழும். கோரிக்கைக்குக் கால வரம்பை நீங்களே வைக்க வேண்டும். அந்தக் கிளையண்டுக்கு இயல்பில் வரம்பே இல்லை, சோதனை இரவு முழுவதும் தொங்கிக்கொண்டிருக்கும். சோதனைக்கே ஜேயூனிட்டின் கால வரம்புக் குறியையும் போட்டுவிடுங்கள்.

தீர்வு ஒரு வரி: செயலாக்கி ஒன்றைப் பொருத்துங்கள். 2023 செப்டம்பரில் வந்த ஜாவா 21 இருந்தால் கோரிக்கைக்கு ஒரு மெய்நிகர் இழை (மிக இலேசான இழை) தரும் செயலாக்கி போதும். பழைய ஜாவா என்றால் பதினாறு இழைகள் கொண்ட நிலையான குழு. இரண்டாவதை எடுத்தால் ஒன்றை மறக்காதீர்கள்: சர்வரை நிறுத்தினாலும் அந்தக் குழு தானாக நிற்காது. அதன் இழைகள் உயிரோடு இருக்கும்வரை ஜேவிஎம்மும் (நிரலை ஓட்டும் ஜாவா இயந்திரம்) மூடாது. உங்கள் நிறுத்தும் செயல்கூறில் சர்வரை முதலிலும் குழுவைப் பிறகும் மூடுங்கள். பாதியில் நிற்கும் கோரிக்கையை எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதற்கும் இந்தச் சர்வரில் ஒரு சிஸ்டம் பண்பு உண்டு. இயல்பில் அது வரம்பற்றது.

இந்த ஒரு வரித் தீர்வு புதிய கதவு ஒன்றைத் திறக்கிறது என்பதைப் பலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள். இதுவரை ஒரே இழை வேலை செய்ததால் உங்கள் கோப்பில் இருவர் ஒரே சமயத்தில் எழுதியதே இல்லை. அந்த மந்தமான சர்வர்தான் உங்களுக்குத் தெரியாமல் காவல் காத்திருக்கிறது. பதினாறு இழை வந்த நாளில் இரண்டு மண்டோர்களின் வரிகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடலாம். எழுதும் இடத்துக்கு ஒரு பூட்டுப் போடுங்கள், அல்லது எழுதுவதற்கென்றே ஒற்றை இழையை ஒதுக்கி மற்றவர்கள் வரிசையில் விட்டுச்செல்லும்படி செய்யுங்கள். சோதனையில் இருபது இழைகளை ஒரே கணத்தில் அவிழ்த்துவிட்டு ஆளுக்கு ஐம்பது பதிவு அனுப்பச் சொல்லுங்கள். கடைசியில் கோப்பில் சரியாக ஆயிரம் வரி, ஒவ்வொன்றும் முழுதாக வாசிக்கத் தக்கது என்று சரிபாருங்கள்.

எல்லாவற்றையும் இப்படிச் சர்வர் வழியாகச் சோதிக்க வேண்டுமா என்றால், வேண்டாம். குலைகளைக் கூட்டுவது, பழுக்காத குலைகளைத் தனியே எண்ணுவது, ஒரே ஆள் இரண்டு பாத்தியில் வெட்டியதைச் சேர்ப்பது போன்ற கணக்குகளுக்குச் சர்வர் தேவையே இல்லை. அவற்றைத் தனிக் கிளாஸில் வைத்து நேரடியாகச் சோதியுங்கள்; மில்லி விநாடிகளில் முடியும். உண்மையான சாக்கெட் வழியாகப் போக வேண்டியவை, சாக்கெட் இல்லாமல் தெரியவே வராத தவறுகள்: பைட் நீளம், குறியாக்கம், பாதிக் கோரிக்கை, தவறான முகவரிக்கு 404, ரகசியச் சொல் இல்லாவிட்டால் 401, அளவுக்கு மீறிய உள்ளடக்கம். பத்துப் பன்னிரண்டு சோதனைகள் போதும். சர்வர் எழும்புவதற்காக இரண்டு விநாடி தூங்கவிடும் வரிகளை அழித்துவிடுங்கள். இந்தச் சர்வரில் தொடங்கும் அழைப்பு திரும்பியதுமே கோரிக்கை அனுப்பலாம்.

இனி, நீங்கள் கேட்காதது. கேட்டிருக்க வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன்.

நம் பக்கத்தில் பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கு இடியும் மழையும் வந்தால் மின்சாரம் போவது புதிதில்லை. மண்டோர்கள் அனுப்பி முடித்துச் சற்று நேரத்தில் அது நடக்கிறது என்று வையுங்கள். நிரல் அடக்கமாக நிற்பதற்காக ஜேவிஎம்மில் மூடல் கொக்கி ஒன்றைப் பதியலாம். நிறுத்தும் செயல்கூறை அது அழைக்கும். நல்லதுதான், செய்யுங்கள். ஆனால் அது நீங்கள் முறையாக நிறுத்தும்போது மட்டுமே ஓடும். மின்சாரம் போனால் ஓடாது. லினக்ஸில் கட்டாயமாகக் கொன்றால் ஓடாது. விண்டோஸில் ஜாவாவின் வழியாக இன்னொரு செயல்முறையை நிறுத்தினால், மென்மையாக நிறுத்து என்று சொன்னாலும் அது கட்டாயக் கொலைதான். அங்கேயும் கொக்கிக்கு வேலையில்லை. எனவே கொக்கியை நம்பி நினைவகத்தில் பதிவுகளைச் சேர்த்துவைத்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதுவது என்ற உங்கள் ஏற்பாட்டை விட்டுவிடுங்கள்.

ஒழுங்கு இப்படி இருக்க வேண்டும்: பதிவு வந்ததும் கோப்பில் எழுது; வட்டுக்கே போய்ச் சேரும்படி கோப்பு வாய்க்காலின் வற்புறுத்தும் செயல்கூறை (ஃபைல்சேனலின் ஃபோர்ஸ்) அழை; அது திரும்பிய பிறகே 200 என்று பதில் சொல். 200 என்பது "கணக்கில் ஏற்றிவிட்டேன்" என்ற வாக்கு. கைப்பேசி அதை வாங்கிய பிறகுதான் தன்னிடமுள்ள பிரதியை அழிக்க வேண்டும்.

இப்படிச் செய்தால் உடனே அடுத்த சிக்கல் எழும். சர்வர் எழுதிவிட்டது, ஆனால் 200 கைப்பேசிக்குப் போய்ச் சேருமுன் வைஃபை போய்விட்டது. கைப்பேசி மறுபடி அனுப்பும். நாற்பது குலை எண்பதாகும். வெட்டியவருக்கு மகிழ்ச்சி, மேனேஜருக்கு இல்லை. இதற்கு மருந்து, பதிவு உருவாகும்போதே கைப்பேசி அதற்கு ஒரு தனி அடையாள எண் கொடுப்பது. சர்வர் ஏற்கெனவே பார்த்த எண் என்றால் எழுதாமல், அதே 200-ஐத் திருப்பிச் சொல்லும். இங்கே 409 (முரண்பாடு) என்று பிழை அனுப்பாதீர்கள். கைப்பேசியின் பார்வையில் தவறு எதுவும் நடக்கவில்லை. சோதனை எளிது: ஒரே பதிவை இரண்டு முறை அனுப்பு, கோப்பில் ஒரு வரி. பிறகு அதையே இரண்டு இழைகளிலிருந்து ஒரே கணத்தில் அனுப்பு, அப்போதும் ஒரு வரி. இரண்டாவதுதான் பூட்டின் தரத்தைக் காட்டும், "பார்த்தேனா?" என்ற கேள்வியும் எழுதும் செயலும் ஒரே பூட்டுக்குள் இல்லாவிட்டால் இதில் மாட்டுவீர்கள்.

கொலைச் சோதனை ஒன்றும் எழுதுங்கள். ஜார் கோப்பைத் தனிச் செயல்முறையாகப் போர்ட் பூஜ்யத்தில் எழுப்புங்கள். கிடைத்த எண்ணை அது முதல் வரியாக அச்சிடட்டும், சோதனை அதை வாசித்துக்கொள்ளட்டும். பதிவுகளை அனுப்பிக்கொண்டே இருக்கும்போது நடுவில் கட்டாயமாகக் கொல்லுங்கள். மீண்டும் எழுப்பி, 200 வாங்கிய பதிவுகள் அத்தனையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். 200 வாங்காதவை இருக்கலாம், இல்லாமலும் போகலாம், இரண்டும் சரி. ஒரு நுணுக்கம்: செயல்முறை செத்தாலும் இயங்குதளம் உயிரோடுதான் இருக்கிறது, அதன் கையில் இருந்ததை அது வட்டில் எழுதிவிடும். ஆகவே வற்புறுத்தும் அழைப்பை நீங்கள் மறந்திருந்தாலும் இந்தச் சோதனை தேறும். அதைச் சோதிக்க எளிய வழி மின்கம்பியைப் பிடுங்குவதுதான். வேலை நேரத்துக்குப் பிறகு, தரவைப் பிரதி எடுத்துவைத்துக்கொண்டு, ஒருமுறை பிடுங்கிப் பாருங்கள்.

மின்சாரம் போன கணத்தில் எழுதிக்கொண்டிருந்த கடைசி வரி பாதியில் நிற்கலாம். அடுத்த நாள் காலைப் பெரட்டுக்கு (ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் நேரம்) முன் நிரல் எழும்பும்போது அந்தப் பாதி வரியில் தடுக்கி விழுந்து, எழும்பாமலே கிடந்தால் அவ்வளவுதான். கடைசி வரி முழுமையில்லை என்றால் அதைத் தனியே எடுத்துவைத்துவிட்டுத் தொடர வேண்டும். இதற்குக் கொலை எதுவும் வேண்டாம். பாதி வரியோடு ஒரு கோப்பைக் கையால் செய்து வைத்து, சர்வரை எழுப்பிப் பார்ப்பதே சோதனை.

இவ்வளவையும் கையால் எழுதுவதா என்று மலைத்தால், எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் கோப்பு, தனிச் சர்வர் வேண்டாம். அடையாள எண்ணுக்குத் தனித்தன்மைக் கட்டுப்பாடு போட்டால் இரட்டைப் பதிவை அதுவே தடுக்கும். பாதியில் நின்ற பதிவையும் அதுவே சரிசெய்துகொள்ளும். நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன். சோதனைகள் அப்படியே இருக்கட்டும். உள்ளே கோப்பா தரவுத்தளமா என்பது அவற்றுக்குத் தெரிய வேண்டியதில்லை.

ஜார் கோப்பைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் முகப்புப் பக்கத்தின் கோப்பை நிரல் ஒரு கோப்பு முகவரியாகத் திறக்கிறது. எடிட்டரில் ஓட்டும்போது அது நிஜக் கோப்பு, கிடைக்கும். ஜாருக்குள் போன பிறகு அது கோப்பே அல்ல, கிடைக்காது. ஓடையாகத் திறந்து வாசியுங்கள். மேலே சொன்ன கொலைச் சோதனை ஜாரையே எழுப்புவதால், அதில் முகப்புப் பக்கத்தையும் ஒருமுறை கேட்டுவிட்டால் இதுவும் அடங்கிவிடும்.

ஸ்பிரிங் பூட்டுக்கு எப்போது போகலாம்? ஆட்களின் உரிமைகள், பல தோட்டங்கள், அறிக்கைகள், தலைமை அலுவலகத்தோடு இணைப்பு என்று வளரும்போது போகலாம். அப்போதும் இங்கே சொன்னவை வேறு உடையில் திரும்ப வரும். அங்கே சோதனையில் சீரற்ற போர்ட் என்று ஒரு தேர்வு இருக்கிறது; அது இதே பூஜ்யம்தான். தேர்வு எதுவும் சொல்லாவிட்டால் சர்வரே எழும்பாமல் பொம்மைச் சூழலில் சோதனை நடக்கும். வேகமாக ஓடும், சாக்கெட் சம்பந்தப்பட்ட எதையும் காட்டாது. நிஜச் சர்வரோடு சோதிக்கும்போது, சோதனை முடிந்ததும் தரவைப் பின்வாங்கும் பரிவர்த்தனைக் குறி பலிக்காது. சோதனை ஓர் இழையிலும் சர்வர் வேறொன்றிலும் ஓடுவதால், சர்வர் எழுதியது எழுதியபடியே நிற்கும். இதை அறியாமல் "நேற்றுத் தேறிய சோதனை இன்று ஏன் விழுகிறது?" என்று கேட்பவர்கள் நிறைய. டாம்கேட்டில் இயல்பாகவே 200 இழைகள் வரை இருப்பதால் உங்கள் மத்தியான உறைவு அங்கே தெரியாது. வரிகள் ஒன்றுக்குள் ஒன்று புகும் சிக்கல் முதல் நாளே தெரியும்.

வேலையைப் பெயர்ப் பிரச்சினையிலிருந்து தொடங்குங்கள். அது இப்போதே தரவை அழித்துக்கொண்டிருக்கலாம். இன்றைக்கே அந்தக் கோப்பைத் திறந்து, கேள்விக்குறிகள் வட்டிலேயே இருக்கின்றனவா, திருப்பி அனுப்பும் பதிலில் மட்டும் வருகின்றனவா என்று பாருங்கள். வட்டில் இருந்தால், மண்டோர்களின் கைப்பேசிகளில் பழைய பதிவுகளை அழிக்க வேண்டாம் என்று நாளைக் காலைப் பெரட்டிலேயே சொல்லிவிடுங்கள். அலுவலகக் கணினியில் எந்த ஜாவா என்பதையும் எழுதுங்கள். 11 என்றால் செயலாக்கியை எப்படி அமைப்பது என்று அடுத்த பதிலில் விளக்குகிறேன்.